காதோரத்து ஆவாரம்பூ

"காதைத் தொடட்டும், சேர்த்துக்கிடுதேன்" என்றார் மாயகிருஷ்ணன் சார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் அவர். தலைமையும் அவரே, மிச்சமும் அவரே. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே வாத்தியார்.

அப்போது எங்கள் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதி வைத்தவர் யார்? பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதில் பட்டால் ஐந்து வயது முடிந்தது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். படாவிட்டால் அடுத்த வருஷம் வா. அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டமும் ஆளைப் பார்த்து வளையும். முந்தின வருஷம் எண்ணிக்கை குறைகிறது என்று, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பொடியனின் கையைச் சாரே இழுத்துக் காதில் ஒட்டவைத்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

என் மகள் இசக்கிக்கு ஐந்து முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் பிறந்த ஐப்பசியில் ஓடை உடைத்து மாயகிருஷ்ணன் சாரின் உளுந்தங்காடு முழுக்கத் தண்ணீரில் போயிற்று. அந்த மழையை அவர் மறப்பாரா? வயது அவருக்குத் தெரியும். அவளால் காதைத் தொட முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் தொடச் சொன்னார்.

இசக்கிக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பு முறுக்கு. தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும், விரல்கள் மூடியே இருக்கும். இடது கை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் தோளுக்கு மேலே ஏறாது. பேச்சு இழுத்து இழுத்து வரும். எனக்கும் அவள் அப்பாவுக்கும்தான் விளங்கும். புத்தியில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அங்கே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்த, இங்கே சாக்கில் படுத்துக்கொண்டு இவளும் கூடவே சொல்லுவாள். நாங்கள் காட்டு வேலைக்குப் போனால் நாள் முழுக்க அவளுக்கு அந்தச் சுவர்தான் துணை.

"இவளை வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்யட்டும்? அஞ்சு வகுப்பைப் பாப்பனா, இவளைத் தூக்கி வைப்பனா?" என்றார் சார். "அடுத்த ஆனிக்கு வாங்க. அப்பவும் முடியலேன்னா வயசு கூடிப்போகும். பொறவு நீங்க எங்கிட்ட வரவே கூடாது."

"வருவேன் சார். காதைத் தொட்டுக்கிட்டுத்தான் வருவா" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளின் மடங்கின கையைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கொம்பையா அதிகம் பேசமாட்டார். கேட்டார், வெளியே போனார், ஒரு பழைய கமலை உருளையோடு திரும்பி வந்தார். மேலக்கிணற்றில் மோட்டார் வைத்த பிறகு மாடு கட்டி இறைப்பது நின்றுபோய் அந்த உருளை சும்மா கிடந்தது. அதை வீட்டு விட்டத்தில் கட்டினார், கயிற்றைப் போட்டார், ஒரு முனையை மகளின் வலது மணிக்கட்டில் முடிந்தார், மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"கெணத்துல கெடக்க தண்ணியே மேல வருது. கை வராதா?"

தினமும் வேலைக்குப் போகுமுன் இழுப்பார். கை மேலே போகும், பிள்ளை அலறும், விட்டவுடன் கை பழையபடி நெஞ்சில் வந்து ஒட்டிக்கொள்ளும். நாள் போகப் போக முன்னைவிட இறுகியது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். கேட்கச் சகிக்காமல் நான் வெளியே போய் நிற்பேன். ஒரு நாள் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்துப் போட்டேன்.

"ஏட்டி, நான் என்ன அவளுக்குக் கெடுதலா செய்யுதேன்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

கோவில்பட்டியில் ரயிலடிக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் ஒரு சின்ன வைத்தியசாலை நடத்தினார்கள். அங்கே சனிக்கிழமைதோறும் கைகால் முடங்கினவர்களைப் பார்க்க ஒரு பெண் வருகிறாள் என்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வெள்ளைத்தாய் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

அந்தப் பெண் பேர் ஸ்டெல்லாமேரி. குளத்தூர்க்காரி. பிசியோதெரபி படித்தவள். "டாக்டரம்மா" என்று கும்பிட்டேன். "டாக்டர் இல்லக்கா, நான் வேற படிப்பு. அக்கா, அண்ணாச்சின்னுதான் நான் கூப்பிடுவேன், நீங்களும் என்னைப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்றாள். பிள்ளையைப் பாயில் கிடத்தி முன்னும் பின்னும் புரட்டினாள், காலை மெதுவாக விரித்தாள். மணிக்கட்டுத் தழும்பைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"இது என்ன?"

என் வீட்டுக்காரர் கமலையைப் பற்றிச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, இது இளம்பிள்ளைவாதம் இல்ல. பொறக்கும்போது மூளைக்குக் காத்துப் பத்தல. கையில கோளாறே கெடையாது, கைக்கு வார உத்தரவுலதான் கோளாறு. நீங்க வெடுக்குன்னு இழுத்தா அதுவும் எதுத்து இழுக்கும். நீங்க எவ்வளவு பலமா இழுக்கீங்களோ, அது அதுக்கு மேல இழுக்கும். ஜெயிக்கவே முடியாது."

"அப்பம் என்னதான் செய்ய?" என்று நான் எகிறினேன். "ஆனிக்குள்ள காதைத் தொடணும்."

"கையை விடுங்க. மொதல்ல அவளை உக்கார வைங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு வைத்தியம் கேட்டால் உட்காரச் சொல்கிறாளே! அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு மெத்தைச் சுருளை இழுத்துவந்து, குதிரையில் உட்காரவைப்பது போல இசக்கியை அதன்மேல் வைத்தாள். சுருள் நடுவில் இருந்ததால் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏற முடியவில்லை. பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலே, அந்த வலது கை நெஞ்சை விட்டு இறங்கி மடியில் வந்து கிடந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"விழுந்திருவோம்னு பயத்துல இருக்க ஒடம்பு எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிடும்க்கா. இடுப்பு நெலையா உக்காந்துட்டா கைக்கு வேற வேலை பாக்க நேரம் கெடைக்கும்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

எங்கள் வீட்டில் மெத்தைக்கு எங்கே போக? மாட்டுக்கு வாங்கி வைத்த பருத்திக்கொட்டை இருந்தது. ஒரு சாக்கில் முக்கால்வாசி நிரப்பிச் சணலால் இறுக்கித் தைத்தார் என் வீட்டுக்காரர். அதுதான் இசக்கிக்குக் குதிரை. காலையில் வேலைக்குப் போகுமுன், சாயங்காலம் வந்த பிறகு அதன்மேல் சவாரி. முதலில் விழாமல் உட்காருவது. பிறகு இரண்டு கையையும் முன்னால் ஊன்றுவது. பிறகு நான் பின்னால் உட்கார்ந்து, தோளுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் உள்ளங்கையை வைத்து முன்னால் தள்ளி, கையை மெதுவாக, மெதுவாக உயர்த்துவது. வெடுக்கென்று ஒரு அசைவு கூடாது. எனக்குப் பொறுமை என்ன என்று தெரியாது. அந்தச் சாக்குதான் கற்றுக்கொடுத்தது.

மூடின விரலைத் திறக்கவும் ஒரு வழி சொல்லித் தந்தாள் ஸ்டெல்லாமேரி. ஒரு முறை இசக்கி என் கொண்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தேன், இன்னும் இறுகியது. "பிரிக்காதீங்க" என்று சொல்லி, மகளின் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினாள். விரல்கள் தாமாக விரிந்து முடியை விட்டன. "பூட்டை ஒடைக்கப்படாதுக்கா, சாவி இங்கன இருக்கு" என்றாள்.

காதுக்கு வழி கண்டுபிடித்தது இசக்கியேதான். ஒரு நாள் காட்டிலிருந்து வரும்போது ஓடைக்கரையில் பூத்திருந்த ஆவாரங்கொப்பை ஒடித்துவந்து விளையாட்டாக அவள் இடது காதில் செருகினேன். அவளுக்குப் பூ வேண்டும். கண்ணைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வலது கை மடியிலிருந்து எழுந்தது, நெற்றி வரை வந்து விழுந்தது. மறுபடி எழுந்தது. "பூ, பூ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து தினமும் காதில் பூ. நெற்றி வரை வந்த கை உச்சந்தலைக்கு ஏறிற்று. தை பிறந்து சில நாளில் கொப்பின் நுனியைத் தொட்டுவிட்டாள். அன்று நான் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நின்றுபோனது.

"ஏட்டி வெயிலம்மா, பொட்டப்பிள்ளை. இத்தனை பாடு பட்டுப் படிக்கவச்சு என்ன, கலெக்டராவா ஆகப்போறா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"ஆனா என்ன? ஒனக்கு மனு எழுதித் தருவா, வரிசையில நில்லு."

"நான் நிக்கேன் தாயி. மொதல்ல அவளை நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கோவில்பட்டியிலிருந்து வரும்போது அவளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிவந்தாள்.

பங்குனியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பருத்தி வெடித்துக் கிடந்தது. வீட்டில் ஒருவர் இருக்க வழியில்லை. அந்த வெயிலில் இசக்கிக்குக் காய்ச்சல் வந்தது. கண் திறக்காமல் கிடந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு சாக்கில் தூக்கி உட்காரவைத்தேன். பழைய முறுக்கு. கால் கத்தரி, கை நெஞ்சோடு. பூவைச் செருகினேன். கை அசையவே இல்லை. அவள் பூவைப் பார்க்கவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவில்பட்டிக்குப் போய் ஸ்டெல்லாமேரியிடம் கத்தினேன். "ஒங்களுக்கு என்ன, சொல்லிட்டு ரயிலேறிப் போயிருவீங்க! அங்கன இருந்து அவளைப் பாக்குதது நான். எல்லாம் போச்சு. இன்னும் ரெண்டே மாசம்தான் இருக்கு." கத்தியவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்கு ஊரார் முன்னால் அழுவது பிடிக்காது. அன்று வந்துவிட்டது.

அவள் என்னைத் தேற்றவில்லை. பிள்ளையை வாங்கிச் சுருளில் உட்காரவைத்து இடுப்பைப் பிடித்தாள். நெடுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கை கொஞ்சம் இறங்கிற்று.

"ஒண்ணும் போகல. ஒளிஞ்சுகிட்டுத்தான் இருக்கு. மறுபடி சாக்குல இருந்து ஆரம்பிங்க" என்றாள். பிறகு, "ஆனிக்குள்ள முடியுமான்னு எனக்குத் தெரியாதுக்கா. பொய் சொல்லமாட்டேன்" என்றாள்.

பொய் சொல்லாதது நல்லதாயிற்று. பொய் சொல்லியிருந்தால் நான் அவளை நம்பியிருக்கமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "இனும நீ பருத்திக்குப் போகாண்டாம். கூலி கொறைஞ்சா கொறையட்டும், கூழைக் கொறைச்சுக் குடிப்போம்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். சித்திரை, வைகாசி முழுக்க நானும் மகளும் அந்தச் சாக்கும்தான். வெயிலில் ஆவாரஞ்செடி காய்ந்தாலும் நாலு பூ வைத்திருக்கும். அதைத் தேடிப் போவது அவள் அப்பா வேலை. வைகாசி முடிகிற நேரம் கை மறுபடி பூ வரைக்கும் ஏறிற்று, பிடித்தால் விடவும் மாட்டாள்.

ஆனி பிறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. நான் இசக்கியை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன கொம்பையா, பள்ளிக்கூடத்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டையா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

வராந்தாவில் புதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சார் நாற்காலியில் உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து காதைத் தொட்டது. எங்கள் முறை வந்தது. சாக்கைப் பார்த்ததும் சாருக்கு முகம் சுருங்கியது.

"இதெல்லாம் என்னம்மா? நின்னு தொடணும்."

"காதைத் தொடணும்னுதான் சொன்னீங்க சார். நிக்கணும்னு சொல்லல."

"எல்லாப் பிள்ளையும் நின்னுதானே தொடுது?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். ஊரே கேட்டிருக்கு" என்றேன். ஊர் கேட்டிருக்கவில்லை, நாங்கள் மட்டும்தான் கேட்டோம். ஆனாலும் நான் போட்ட சத்தத்தில் அன்று ஊரே கேட்டது. சார் கையை ஆட்டினார், ஆகட்டும் என்று.

சாக்கில் உட்காரவைத்தேன். என் வீட்டுக்காரர் குத்துக்கால் போட்டு அவள் முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். நான் மடியிலிருந்து ஆவாரம்பூவை எடுத்துக் காதில் செருகப் போனேன்.

"பூவெல்லாம் வேண்டாம். காது மட்டும்" என்றார் சார்.

அவள் காதைத் தொட்டதே இல்லை. பூவைத்தான் தொட்டிருக்கிறாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ மணியை அடித்தார்கள். டங்கென்ற சத்தத்துக்கு இசக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்பு முழுக்க விறைத்தது, கை நெஞ்சில் போய் ஒட்டியது, தலை பின்னால் சாய்ந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் பயந்து ஒதுங்கின.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே" என்றார் சார். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "போதும்மா. பிள்ளையைப் பாடுபடுத்தாதீங்க."

"பொறுங்க சார்."

"இன்னும் எத்தனை பேரு நிக்காக—"

"பொறுங்கன்னேன்லா!"

நான் அவள் பின்னால் உட்கார்ந்தேன். இடுப்பில் கை வைத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். என் நெஞ்சு அடித்த அடி அவளுக்குத் தெரியக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவசரப்பட்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் காதில் ஒட்டவைத்துவிடலாமா என்று என் கை துடித்தது. ஒரு வருஷத்தை ஒரு இழுப்பில் கெடுக்கவா? இடுப்பை விட்டு என் கையை எடுக்கவில்லை.

வலது கை மெல்ல இறங்கி மடியில் வந்து கிடந்தது.

"பூ இல்ல ஆத்தா. காதுதான் இருக்கு. அதைப் பிடி" என்று அவள் காதுக்குள் சொன்னேன்.

கை எழுந்தது. நெற்றியில் பட்டு நின்றது. நடுங்கியது. அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. உச்சந்தலைக்கு ஏறியது, அங்கே கொஞ்சம் இளைப்பாறியது, பிறகு முடியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிற்று. விரல்கள் தேடின. காதைக் கண்டன. லபக்கென்று பிடித்தன.

என் வீட்டுக்காரர் அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். வெளியே நின்ற வெள்ளைத்தாய், "அடி என் சீமாட்டி!" என்று கத்தினாள்.

சார் பேனாவை எடுத்தார், வைத்தார். "சரி, சரி. தொட்டாச்சு. கையை எடு தாயி" என்றார்.

எங்கே எடுக்க? பூவைப் பிடித்தால் பிடித்த பிடிதான் அவளுக்கு. காதையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். காது சிவந்தது, இழுக்கிற இழுப்பில் தலை சாய்ந்தது, அவளுக்கு விடத் தெரியவில்லை. சார் பதறிப்போய் எழுந்துவந்து விரலைப் பிரிக்கப் பார்த்தார். இன்னும் இறுகியது.

"பிரிக்காதீங்க சார்! மணிக்கட்டை உள்ளாக்க மடக்குங்க. மெதுவா. மெதுவான்னேன்லா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் சொன்னபடி மணிக்கட்டை மடக்கினார். விரல்கள் விரிந்து காதை விட்டன. "அட!" என்றார். அந்தக் கையைத் தன் கையிலேயே தாங்கிக் கீழே கொண்டுவந்தார். மடிக்கு வருமுன் விரல்கள் மறுபடி மூடின. இந்த முறை உள்ளே அகப்பட்டது சாரின் வலது ஆள்காட்டி விரல்.

இசக்கி அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எச்சில் வழிய, வாய் கோண, அவள் சிரிக்கிற சிரிப்பு.

மணிக்கட்டை மடக்கினால் விட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியும்; இப்போது அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் வாயை மூடிக்கொண்டிருந்த சில நேரங்களில் அது ஒன்று.

சார் மடக்கவில்லை. குனிந்தபடியே நின்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "கொம்பையா, சாக்கோட மேசைக்கிட்ட கொண்டாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சாக்கை இழுத்துவந்து மேசை ஓரம் போட்டோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, விரலைப் பிடித்திருந்த அந்தக் கையோடு சேர்த்தே பேனாவை எடுத்தார். அவர் கை நகர நகர இவள் கையும் கூடவே நகர்ந்தது. கோணல் மாணலாகப் பதிவேட்டில் பெயர் ஏறியது: கொ. இசக்கியம்மாள்.

இசக்கி மையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இழுத்து இழுத்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவகிட்டயே கேளுங்க சார். இனும நீங்கதானே கேக்கணும்?"

அவர் அவள் பக்கம் திரும்பிக் குனிந்தார். "என்ன தாயி?"

அவள் மறுபடி சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"இன்னும் எழுதணுமா?"

இசக்கி தலையை ஆட்டினாள்.

பதிவேட்டில் ஒரு பெயரை இரண்டு தடவை எழுத முடியாது. எழுந்துபோகவும் அவருக்கு வழியில்லை, விரல் அவளிடம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்பைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, யாருலே அங்கன? ஒரு சிலேட்டு கொண்டாங்கலே!"